ஒண்ணாம் தேதி இருந்த கஷ்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். தில்லி அரசு ஊழியர் காலனியின் அந்தக் காலத்துக் குளிர்காலம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மாமியார் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார், நான் சமையலறையில் நின்றிருந்தேன். கூடவே ஒரே ஒரு வார்த்தை: "படி."

மாமியாருக்கு 79 வயது. மாமனார் மத்திய அரசில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. சரோஜினி நகரில் ஒரு அறையும் ஒரு வராந்தாவும் உள்ள வீட்டில் ஆறு பேர் இருந்தார்களாம். "எங்ககிட்ட ஒண்ணும் இல்லை, சந்தோஷமா இருந்தோம். உங்ககிட்ட எல்லாம் இருக்கு, மூஞ்சியில சிரிப்புதான் இல்லை" என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார். போன வருடம் என் கணவருக்கு வேலை போய் ஏழு மாதம் சும்மா இருந்தார். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது. என் சம்பளமும் மாமியாரின் பென்ஷனும்தான் வீட்டுக்கு வந்த பணம். அப்போதும், "நாங்க பார்க்காத கஷ்டமா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தீர்களா? இல்லை, ஐம்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்ப்பதால் அப்படித் தெரிகிறதா? நிஜம் என்றால் எங்களுக்கு ஏன் அது வரவில்லை? எங்கள் பையனுக்கு ஒன்பது வயது. கதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாட்டி, நீங்க ஏழையா?" என்று கேட்டான். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கும் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

எஸ்.,
டெல்லி

அன்புள்ள எஸ்.,

என் கட்டுரை ஹாலிலிருந்து சமையலறைக்கு இப்படிப் பறந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தப் பதிலையும் அவர் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அவர் சொல்வது பொய் இல்லை. வயதான காலத்தில் எல்லாம் பொன்னாகத் தெரிகிற மயக்கமும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தோம், நானே சாட்சி. அப்பா மத்திய அரசில் எல்.டி.சி.யாக, அதாவது லோயர் டிவிஷன் கிளார்க்காக, வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 110 ரூபாயில் ஆரம்பித்து 180இல் முடியும். பஞ்சப்படி தனி. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை கரோல் பாக்கில் பர்சாத்தி என்கிற மொட்டை மாடி அறை ஒன்றில் இருந்தார்கள். அப்புறம் நேதாஜி நகர். வந்த சம்பளத்தில் முதல் செலவு கும்பகோணத்துக்கு மணியார்டர். தாத்தா பாட்டிக்கு, அப்பாவின் தம்பி படிப்புக்கு, தங்கை கல்யாணக் கடனுக்கு. மீதியில்தான் எங்கள் வீடு. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அந்த பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ஊரில் ஒரு மணியார்டர் போய்க்கொண்டுதான் இருந்தது.

1965லும் 1966லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கோதுமை கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். ரேஷன் கார்டுக்கு அரிசி கொஞ்சம், கோதுமை நிறைய. தில்லிக்காரர்களுக்கு அது சரி. எங்களுக்கு? மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த அம்மாவுக்கு அந்த அரிசியைப் பார்த்தாலே கண் கலங்கும். எதிர் வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். ராவல்பிண்டியிலிருந்து 1947இல் வந்தவர்கள். அந்த வீட்டுப் பாட்டியைக் காலனி முழுக்க பீஜி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு அரிசி எப்போதாவது ராஜ்மாவோடு சாப்பிடுகிற சமாச்சாரம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அப்போது இந்தி வராது, பீஜிக்குப் பஞ்சாபி தவிர எதுவும் வராது. எந்தப் பாஷையில் பேசி முடித்தார்களோ தெரியாது, ரேஷன் வாங்கி வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கோதுமைப் பை அங்கே போகும், அங்கிருந்து அரிசிப் பை இங்கே வரும். படிக்கட்டில் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நானும் அவர்கள் வீட்டுப் பையனும் பாதி வழியில் முட்டிக்கொள்வோம்.

சட்டப்படி இது சரியா என்று கேட்காதீர்கள். ரேஷன் பொருளைக் கைமாற்றக் கூடாது என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அரசு ஊழியர் வேறு. பை போகிற நேரத்தில் அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுக்கச் சொன்னதும் அந்தச் சமயம்தான். திங்கட்கிழமை ராத்திரி ஓட்டல்கள் மூடிக் கிடக்கும். அம்மாவுக்கு அது ஒன்றும் புதிது இல்லை, சோமவார விரதம் ஏற்கெனவே இருந்தவர். நாட்டுக்காக ஒன்று, சிவனுக்காக ஒன்று என்று ஒரே பட்டினியில் இரண்டு கணக்கையும் முடித்துவிட்டார். குழந்தைகளுக்கு மட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் சுட்டு, உப்பும் எலுமிச்சையும் தடவிக் கொடுப்பார். நாங்கள் திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தோம். பிரதமருக்கு இது தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

இன்னொன்று கம்பளி. உங்கள் மாமியாரிடம் கேட்டால் அவர் கை தானாகவே பின்னுவது போல ஆட ஆரம்பித்துவிடும், பாருங்கள். காவிரிக் கரையிலிருந்து வந்த பெண்களுக்குக் கம்பளி நூலைப் பற்றி என்ன தெரியும்? பீஜிதான் கற்றுக்கொடுத்தார். குளிர்காலத்தில் காலையில் வேலையெல்லாம் முடிந்து, பதினொரு மணி வெயிலுக்குப் பெண்கள் பார்க்கில் சார்பாயை, அதாவது கயிற்றுக் கட்டிலை, இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் வேர்க்கடலை, கையில் ஊசி. புது நூல் வாங்குவது அபூர்வம். பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பதுதான் வழக்கம். தோள் தையலைக் கத்தரித்து, நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தால், வரிசை வரிசையாகச் சரசரவென்று அவிழ்ந்து வரும். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நான் உட்கார வேண்டும். என் கைகளில்தான் அம்மா நூலைச் சுற்றுவார். கையைக் கீழே போட்டால் திட்டு விழும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அப்படியே பின்னினால் முண்டும் முடிச்சுமாக வரும். அதனால் நூல்கண்டை நான்கு இடத்தில் முடிச்சுப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, கொடியில் மாட்டி, கீழே ஒரு பித்தளைச் சொம்பைத் தொங்கவிடுவார். காயும்போது அந்தக் கனத்தில் நூல் நேராகிவிடும்.

அப்பாவின் மெரூன் ஸ்வெட்டர் அண்ணனுக்கு ஆகும். அண்ணன் வளர்ந்துவிட்டதால் நூல் போதாது. கீழே இரண்டு விரல்கடை பச்சைப் பட்டை சேரும். அடுத்த வருடம் அது எனக்கு வரும்போது முழங்கையில் ஒரு மஞ்சள் பட்டையும் சேர்ந்திருக்கும். கடைசியில் தம்பியின் குல்லாய். பழைய போட்டோக்களில், அவை கறுப்பு வெள்ளைதான், எந்த வருடம் எடுத்தது என்று பட்டையை எண்ணித்தான் நாங்கள் கண்டுபிடிக்கிறோம்.

வெயில் காலத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் படுத்தது, டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்தது, வாரா வாரம் வந்து நிற்கும் தில்லிப் பொது நூலகத்தின் வண்டி, விகடனும் கல்கியும் ஆறு வீடு சுற்றிக் கடைசியில் அட்டை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது – இதெல்லாம் முந்தைய கட்டுரையில் எழுதிவிட்டேன். மறுபடி வேண்டாம்.

ஆக, சந்தோஷம் நிஜம். ஆனால் எதனால் வந்தது? உங்கள் மாமியார், ஒன்றும் இல்லாததால் வந்தது என்று நினைக்கிறார். இங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. எங்களிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. எங்களிடம் ஒண்ணாம் தேதி இருந்தது.

இருபத்தைந்தாம் தேதிக்குமேல் வீட்டில் பருப்பு குறையும். வத்தக்குழம்பு, பருப்பில்லாத ரசம், ரேஷன் கோதுமையில் எதையாவது கிளறி ஒரு ராத்திரிச் சாப்பாடு. இருபத்தெட்டாம் தேதி அம்மா கடுகு டப்பாவில் கையை விட்டுத் துழாவுவார். இருந்தாலும் யார் முகத்திலும் பயம் கிடையாது. ஏனென்றால் ஒண்ணாம் தேதி வந்தே தீரும், அப்பா கையில் சம்பளக் கவரோடு வந்தே தீருவார். எத்தனை நாள் பல்லைக் கடிக்க வேண்டும் என்று தெரிந்த கஷ்டம் அது. நாள் தெரிந்த கஷ்டத்தை விளையாட்டாக்கிவிடலாம். அம்மா அதைத்தான் செய்தார். "இன்னும் மூணு நாள், யார் சர்க்கரை இல்லாம காப்பி குடிக்கிறீங்க பார்ப்போம்" என்று பந்தயம் வைப்பார்.

மற்றதையும் பாருங்கள். வீட்டு வாடகை சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து, அதற்குமேல் வீட்டுக்காரர் ஏற்றிவிடுவாரோ, காலி பண்ணச் சொல்லுவாரோ என்ற பேச்சே இல்லை. உடம்புக்கு வந்தால் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் டிஸ்பென்சரி, 1954இலேயே தில்லியில் ஆரம்பித்தது. தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம், வட்டி இல்லாமல். கல்யாணம் காட்சி என்றால் ஜி.பி.எஃப். என்கிற சேமநல நிதியிலிருந்து கடன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊர் போக எல்.டி.சி. – வேலையும் எல்.டி.சி., பயணச் சலுகையும் எல்.டி.சி., அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், நாங்கள் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தது. அப்பா திடீரென்று போய்விட்டால்கூட அம்மாவுக்கு வருவதற்கு 1964லிருந்து குடும்பப் பென்ஷன். இத்தனையும் இருந்தது. பணம்தான் இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயம்.

இதை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், என் மாமா வீட்டைப் பார்த்ததால். அம்மாவின் தம்பி. ஃபரிதாபாத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் அப்பாவைவிடக் கூடச் சம்பளம். அவர்கள் வீட்டில்தான் முதலில் சீலிங் ஃபேன் வந்தது, மாமி எனக்கு நெயில் பாலிஷ் வாங்கித் தந்தார். 1973 கடைசியில் அந்தத் தொழிற்சாலையில் வேலையைக் குறைத்தார்கள், அப்புறம் கேட்டைப் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியதுதான். பாக்கிச் சம்பளம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மாமா தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டு வருவார். மாமியின் வளையல் போனது, ஃபேன் போனது. குழந்தைகளைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அவர்களும் எங்களோடுதான் சாப்பிட்டார்கள், எங்களோடுதான் படுத்தார்கள். அதே வத்தக்குழம்பு. எங்களுக்கு அது மாசக் கடைசி. அவர்களுக்கு அது எதன் கடைசி என்று தெரியாது. மாமா மகளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது, புனேயில் இருக்கிறாள். குடும்பக் கல்யாணங்களில் நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டர் கதை, சர்க்கரைவள்ளிக் கதை என்று ஆரம்பித்தால் அவளும் சிரிப்பாள். ஆனால் ஃபரிதாபாத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் யாரும் "கஷ்டத்திலும் சந்தோஷமா இருந்தோம்" என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர்கள் சிரிக்கத் தெரியாதவர்களா என்ன? மாமாவைப் போல மிமிக்ரி செய்ய எங்கள் குடும்பத்தில் ஆளே கிடையாது.

1974 எங்களையும் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. விலைவாசி அந்த ஒரு நிதியாண்டில் நூற்றுக்கு 25 போல ஏறியது. வனஸ்பதிக்கு க்யூ, மண்ணெண்ணெய்க்கு க்யூ. விடியற்காலை தில்லிப் பால் திட்டத்தின் பூத்தில் காலி பாட்டில்களை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுப்போம். மே 8ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கி 27 வரை நடந்தது. ஊரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் ரயிலில் யாராவது வந்தால்தான் எங்களுக்குப் புளி, அப்பளம், வத்தல் எல்லாம். அந்த மே மாதம் யாரும் வரவில்லை, புளி தீர்ந்தது. அம்மா பீஜியிடம் ஆம்சூர், அதாவது உலர்ந்த மாங்காய்ப் பொடி, வாங்கி ரசம் வைத்தார். வேகவைத்த தக்காளியைக் கரைத்து, பருப்புத் தண்ணீர் ஊற்றி, இறக்குவதற்குச் சற்று முன்னால் ஆம்சூர்ப் பொடி. முதலிலேயே போட்டால் கசக்கும். அது எங்களுக்குப் பிடித்துப்போய், புளி வந்த பிறகும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். ஜூலையில் அரசாங்கம் கட்டாய வைப்புத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. கூடுகிற பஞ்சப்படியில் பாதி கைக்கு வராது, வைப்பில் போய்விடும். பிற்பாடு தவணை தவணையாக வட்டியோடு திரும்பி வந்தது என்பது வேறு. அம்மாவின் கணக்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அந்த வருடத்து நோட்டில், "எண்ணெய்" என்ற இடத்தில் அளவை அடித்து அடித்து எழுதியிருக்கிறார். வேறு எந்த வருடத்திலும் அப்படி அடித்தல் இல்லை. பந்தயம் வைத்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஒண்ணாம் தேதி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வந்த கவர் பதினைந்தாம் தேதி வரைதான் தாங்கும் என்று ஆனபோது, எங்கள் வீட்டிலும் சிரிப்பு குறைந்தது.

இன்னொரு குடும்பத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் காலனித் தமிழர்கள் தில்லிவாழ்க்கை பற்றி எழுதும்போது சௌகரியமாக விட்டுவிடுகிற தமிழர்கள் அவர்கள். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க வந்த பெண்கள் பலர் சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாலு வீடு தள்ளி அதே தமிழ்தான் பேசினார்கள். அவர்களுக்கு டைப் டூ குவார்ட்டர்ஸும் இல்லை, டிஸ்பென்சரியும் இல்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக மதராசி கேம்ப் என்று ஒன்று இருந்தது தெரியும் இல்லையா? தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி நீதிமன்ற உத்தரவுப்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று பட்டியல் போட்டார்கள், அதுவும் நரேலாவில். ஜங்புராவில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற பெண் நரேலாவிலிருந்து எப்படி வருவாள் என்பது தில்லியின் வரைபடம் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்தக் கேம்பிலும் பொங்கல் வைத்தார்கள், கோலம் போட்டார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். சந்தோஷம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் ஐம்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்ன எழுதுவாள் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். "ஒன்றும் இல்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தோம்" என்று அவள் எழுதினால் நான் நம்புவேன். நான் எழுதினால் நீங்கள் கொஞ்சம் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

எங்கள் நேதாஜி நகரும் இடிந்துவிட்டது, பழைய குவார்ட்டர்ஸை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். பக்கத்து நௌரோஜி நகரில் வர்த்தக மையமே வந்துவிட்டது. ஆனால் எங்களில் யாரையும் அங்கிருந்து தூக்கி வெளியே போடவில்லை. அப்பா ரிடையர் ஆனார், நாங்கள் சாமான் கட்டிக்கொண்டு ஜனக்புரி போனோம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கணவர் ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தது உங்கள் மாமியார் பார்த்த கஷ்டம் இல்லை, எஸ். அது என் மாமா பார்த்த கஷ்டம். ஒண்ணாம் தேதி வங்கி தவணையை எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒண்ணாம் தேதி அவர் சம்பளம் வராது. எப்போது வரும் என்றும் தெரியாது. அப்படிப்பட்ட ஏழு மாதத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அது உங்கள் குணத்தில் இருக்கிற குறை இல்லை. பத்து நிமிடத்தில் கொத்தமல்லி வீட்டு வாசலுக்கு வருவதும் இதுவும் சம்பந்தமே இல்லாத விஷயங்கள். கொத்தமல்லி வரும், வேலை வராது. மாமியார் முதலாவதைப் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கிறது என்கிறார்.

அவரும் பாவம், வேறு எப்படிச் சொல்லுவார்? அவருக்குத் தெரிந்த கஷ்டங்கள் எல்லாம் முடிந்த கஷ்டங்கள். அந்த ஏழு மாதமும் உங்கள் வீட்டில் உங்கள் சம்பளத்தோடு தேதி தவறாமல் வேறு யாருடைய பணம் வந்தது, யோசித்துப் பாருங்கள். அவருடைய குடும்பப் பென்ஷன். அறுபது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு விதி இன்றைக்கும் மயூர் விஹாரில் பாலும் பருப்பும் வாங்கித் தருகிறது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கே அந்தப் பழைய பென்ஷன் கிடையாது என்றால் தனியார் கம்பெனியில் இருக்கும் உங்கள் கணவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. "நாங்க பார்க்காத கஷ்டமா" என்று அவர் சொல்லும்போது கோபம் வந்தால், அவர் அந்தப் பணத்தை எந்தக் கையால் எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

உங்கள் மாமியாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, நமஸ்காரம். நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்து பிடித்தது நீங்கள். கரித்தூளையும் சாணத்தையும் பிசைந்து உருண்டை பிடித்து மாடியில் காயவைத்து, அங்கீட்டி என்கிற கரியடுப்பில் புகை போகும்வரை கண் எரிய ஊதியது நீங்கள். எங்கள் அம்மாவிடம் ஒருமுறை, "அந்த நாள் திரும்பி வந்தா போவியாம்மா?" என்று கேட்டேன். "நீ வேணா போயிட்டு வா, நான் கேஸ் அடுப்பை விட்டு வரமாட்டேன்" என்றார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். மருமகளிடம் அந்தப் பாதியையும் சொல்லுங்களேன்.

பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பையன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான். பாட்டி ஏழையா? இல்லை, கண்ணா. பாட்டி வீட்டில் பணம் கம்மி, ஆனால் தாத்தாவுக்குக் கவர்மெண்ட் வேலை. இதை அவனுக்கு அப்படியே சொல்லலாம், புரியும். கோபித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. கதையைக் கேட்டவன் கதைக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

கதை சொல்வதை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "சந்தோஷமா இருந்தீங்களா" என்று கேட்டால் அதே பதில்தான் வரும். இருபத்தெட்டாம் தேதி என்ன சமைத்தீர்கள், யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள், திருப்பிக் கொடுக்க முடியாமல் யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வெட்கப்பட்டீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் கமிட்டி. காலனிப் பெண்கள் மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மொத்தத்தையும் ஒருவர் எடுத்துக்கொள்கிற சீட்டு. எங்கள் பிளாக்கில் மிக்ஸி, தையல் மெஷின், ஒரு மூக்குத்தி எல்லாம் அதில் வந்ததுதான். சரோஜினி நகரில் உங்கள் மாமியாருடைய பிளாக்கில் கமிட்டி நடத்தியது யார், முதல் சீட்டை எடுத்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனது யார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம். எங்கள் பிளாக்கிலும் ஒருத்தர் இருந்தார், பதினோரு பெண்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது பூட்டுத்தான் தொங்கியது. அம்மா அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர்.

அன்புடன்,
நான்